வாக்குமூலத்தில் ஏறாதவை

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை முடிந்த எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் கடைசி வரி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: “நான் உண்மைக்குப் புறம்பாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல.” எந்தச் சாட்சியும் இப்படி ஒரு வாக்கியத்தை வாயால் சொல்வதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் “நீங்க சொல்றது அத்தனையும் பொய்ங்கிறேன்” என்றிருப்பார். சாட்சி “இல்லீங்கய்யா” என்றிருப்பார். அல்லது ஒன்றும் பேசாமல் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி, பின்பெஞ்சில் இருக்கும் தம்பியை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருப்பார். நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சாகும்போது கேள்வி கரைந்துபோய், பதில் மட்டும் ‘நான்’ என்று தொடங்கும் முழு வாக்கியமாகத் தாளில் ஏறிவிடும்.

இதில் யார் தவறும் இல்லை. செஷன்ஸ் வழக்கில் சாட்சியத்தைப் பொதுவாக விவரணையாகவே எழுத வேண்டும், நீதிபதி விரும்பினால் ஏதாவது ஒரு பகுதியைக் கேள்வி பதிலாக எழுதலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 311-ஆம் பிரிவே சொல்கிறது. சாட்சி எப்படி நடந்துகொண்டார் என்று நீதிபதி குறிப்பு எழுதவும் சட்டத்தில் இடம் உண்டு. சிவிலில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 18 விதி 12, கிரிமினலில் அதே சன்ஹிதாவின் 315-ஆம் பிரிவு. ஆனால் அப்படிக் குறிப்பு எழுதிய கட்டு கையில் கிடைப்பது அபூர்வம்.

தாளில் ஏறாமல் போன அந்தப் பகுதியில்தான் கதையும் தொடங்குகிறது, அபிநயமும் தொடங்குகிறது. வக்கீல் ஒருவர் இந்த இரண்டு கலைகளுக்கும் வருவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தினமும் பத்தரை மணியிலிருந்து மாலைவரை மனிதர்களைக் கூண்டில் நிறுத்திப் பார்க்கும் வேலை வேறு யாருக்கு வாய்க்கும்?

முன்னோடிகளும் இருக்கிறார்கள். தமிழின் முதல் நாவலை எழுதி 1879-இல் அச்சில் கொண்டுவந்த வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அதற்கு முன்பே ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவர். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. இன்று பரதநாட்டியம் என்று சொல்லும் சதிர் மேடையில் ஏறவே படித்தவர்கள் தயங்கிய காலத்தில் அதை முறையாகக் கற்று, பெண் வேடமிட்டு ஆடிக்காட்டி, அந்தக் கலைக்காக 1930-களில் பத்திரிகைகளில் வாதாடிய இ. கிருஷ்ண ஐயரும் வக்கீல்தான்.

முதல் பயிற்சியைக் கதையில் வைத்துக்கொள்வோம். உங்கள் கட்டு எதையும் தொடாதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பொதுச்சுவர் தகராறு ஒன்றைக் கற்பனையாக வைத்து, ஒரு பக்க அளவில், 20 வரியில், சாட்சியத்தை நீங்களே எழுதுங்கள். கோர்ட் தமிழிலேயே இருக்கட்டும்: ‘மேற்படி சுவர் எனக்குப் பாத்தியப்பட்டது என்று சொல்வது சரியல்ல’ என்ற ரீதியில். பிறகு ஒவ்வொரு வரிக்கும் மேலே, அந்தப் பதிலைப் பிடுங்கிய கேள்வியை எழுதுங்கள். கேள்வி கேட்பவருக்கு ஒரு வயதும் ஒரு அவசரமும் இருக்க வேண்டும். அடுத்து, பதில் தாமதமாக வந்த இடங்கள் மூன்றை மட்டும் குறியுங்கள். நான்கு கூடாது. எல்லா வரியிலும் மௌனம் வைத்தால் எந்த மௌனத்துக்கும் மதிப்பில்லை. அந்த மூன்று இடங்களில் கை என்ன செய்தது, கண் எங்கே போனது என்று எழுதுங்கள். ‘பயத்துடன்’, ‘குற்ற உணர்ச்சியோடு’ போன்ற சொற்களைத் தொடவே வேண்டாம். கடைசியில், முதலில் எழுதிய 20 சாட்சிய வரிகளையும் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது காட்சி. நோட்டில் நான்கு பக்கம் வந்திருக்கும். இரண்டு பக்கமாகக் குறைத்தால் சரியான அளவு.

உணர்ச்சிப் பெயர்களை ஏன் விலக்கச் சொல்கிறேன் என்றால், வக்கீலின் கை தானாக முடிவுரைக்கு ஓடும். சங்கதிகளை அடுக்கி ‘ஆகவே’ போட்டுப் பழகிய கை அது. கதையில் அந்த ‘ஆகவே’ வாசகருக்குச் சொந்தம்.

வக்கீல்கள் எழுதும் முதல் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகள் சில உண்டு. பிராது போலத் தேதி வரிசையில் போவது முதலாவது. பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினையில் தொடங்கி ஐந்து பத்தி கழித்துத்தான் இன்றைய சண்டைக்கு வருவார்கள். பிராதில் வழக்குமூலம் என்று ஒரு பத்தி வரும், எந்தத் தேதியில் எந்த இடத்தில் உரிமை மீறப்பட்டது என்று. கதை அந்தப் பத்தியில் தொடங்கட்டும். பாட்டன் வேண்டுமென்றால் நடுவில் வந்துகொள்வார். இரண்டாவது, கதையின் உச்சம் நீண்ட வாதமாக அமைவது. நம் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கு அப்படித் திரும்புவதே இல்லை. ஒரு சிட்டா நகல் வரும், ஒரு சாட்சி வராமல் போவார், ஒரு வாய்தாவில் பிரதிவாதி இறந்து வாரிசுகளைச் சேர்க்க மனு போடுவார்கள். பத்து வருட வழக்கைக் கதையாக்கும்போது வாதத்தை விட்டுவிட்டு வாய்தாக்களை எழுதுங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ காலையில் பஸ் ஏறி வந்து, பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போகும் கட்சிக்காரர் பத்து வருடத்தில் எப்படி மாறுகிறார் என்பதுதான் அங்கே கதை. முதல் வருடம் மகன் கூட வருவான், பிறகு தனியாக வருவார், பிறகு மருமகள் வருவாள். மூன்றாவது பழுது தீர்ப்போடு முடிப்பது. டிக்ரி வந்த பிறகு நிறைவேற்று மனு என்று ஒன்று இருப்பது வக்கீலுக்குத் தெரியும். கோர்ட் உத்தரவை நிறைவேற்ற அமீனா வீட்டு வாசலுக்கு வரும் காலை, தீர்ப்பு நாளைவிட எழுதத் தகுந்தது.

பலம் என்று பார்த்தால் சொத்து விவரம்தான். நம் பத்திரங்களில் வரும் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை விவரம் போல இடத்தைச் சுருக்கமாகச் சொல்லும் உரைநடை தமிழில் குறைவு. ‘பங்காளி மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, ஊர்ப் பொதுவழிக்கு வடக்கு, பூவரச மரத்துக்குத் தெற்கு, இதற்குட்பட்ட மனையும், அதிலுள்ள கிணற்றில் பாதியும், தண்ணீர் சேந்தும் பாத்தியமும்.’ பூவரசை வெட்டி வருடங்கள் ஆகியிருக்கும். பத்திரத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அரைக் கிணற்றில் தண்ணீர் சேந்தும் உரிமையோடு ஒரு பெண் அந்த வீட்டில் வாழ்ந்திருப்பாள். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அந்தக் கதை நடக்கும் வீட்டுக்கு ஒரு நான்குமால் எழுதிவையுங்கள். கதைக்குள் அது வர வேண்டியதில்லை. அதை எழுதாமல் தொடங்கிய கதையில் வீட்டுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

இப்போது கட்டைத் தொடக்கூடாது என்றதற்குக் காரணம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் தொழில் நிமித்தம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் எக்காலத்திலும் வெளியிடக்கூடாது. வழக்கு முடிந்தாலும், வக்காலத்தைத் திரும்பப் பெற்றாலும் அந்தக் கடமை முடிவதில்லை. குமாஸ்தாவுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் அது பொருந்தும். இந்தக் கடமையை மீறக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 17-உம் சொல்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. கடலூர் சின்ன ஊர். முதுநகர் மீன் ஏலக்கடை, இரண்டு மனைவி, பாதி முடிந்த மாடிவீடு என்று மூன்று அடையாளம் போதும், யார் என்று தெருவே சொல்லிவிடும்.

நான் சொல்லும் அளவு இது: உறவு, சொத்து, ஊர், சம்பவ வரிசை, முடிவு ஆகிய ஐந்தையும் மாற்ற வேண்டும். அண்ணன் தம்பி என்றால் மாமியார் மருமகளாகட்டும், நஞ்சை நிலம் என்றால் படகாகட்டும். ஐந்தையும் மாற்றியபிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அங்கே உங்கள் கதை இருந்ததில்லை, கட்சிக்காரரின் ரகசியம் மட்டுமே இருந்தது. எழுதி முடித்ததும் உங்கள் ஜூனியரிடம் கொடுத்து, எந்தக் கட்டு நினைவுக்கு வருகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு வழக்கு எண்ணைச் சொல்லிவிட்டாரென்றால் கதையை நிறுத்திவையுங்கள்.

பாலியல் குற்ற வழக்குகளில் இந்த மாற்றங்கள்கூடப் போதாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் அச்சிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் சேர்கின்றன. நியாய சன்ஹிதாவில் அவதூறைச் சொல்லும் 356-ஆம் பிரிவு இறந்தவர்மேல் சுமத்தும் பழியையும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், சேர்த்துக்கொள்கிறது. செத்தவரைப் பற்றி எழுதினால் கேட்க ஆளில்லை என்ற எண்ணம் வேண்டாம்.

அப்படியானால் பொருளுக்கு எங்கே போவது? புதுச்சேரி பக்கத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். 1716-இல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையைக் கைதுசெய்து விசாரித்துத் தண்டித்தார்கள். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். பிறகு அந்தத் தண்டனை ரத்தானது. அந்த விசாரணையில் தமிழில் பேசப்பட்டது போர்த்துகீசியம் வழியாகப் போய்ப் பிரெஞ்சில் பதிவானது. மஞ்சக்குப்பத்துக் கூண்டில் ஒருதரம் கரைவது அங்கே இரண்டுதரம் கரைந்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உங்கள் கதாபாத்திரத்தை நிறுத்திப் பாருங்கள். நைனியப்பரின் உறவினரான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அந்த நூற்றாண்டின் பேச்சு, விலை, வழக்கு, சகுனம், சாவு எல்லாவற்றுக்கும் களஞ்சியம். வரலாற்றுக் கதை எழுதாதவரும் ஒரு மாதம் படித்தால், மரியாதை வைத்துக்கொண்டே ஒருவரைக் குத்தும் தமிழ் எப்படி இருக்கும் என்று காது பழகிவிடும்.

புதுச்சேரிக்கு மட்டும் உரிய இன்னொரு பொருள் ரெனோன்சான் குடும்பங்கள். 1881 ஆணையின்படி சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கு வாரிசுரிமை இன்றும் அந்தச் சட்டப்படிதான். துறக்கும்போது குடும்பத்துக்கு ஒரு புதிய பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. ஒரு தமிழ்க் குடும்பம் ராத்திரி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, நாளைக் காலையிலிருந்து நமக்கு என்ன பெயர் என்று பேசும் காட்சியை யாராவது எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஊர்ப் பேச்சில் வரும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்), மேரி (நகராட்சி அலுவலகம்) போன்ற சொற்களை அளவாகப் பயன்படுத்துங்கள். பக்கத்துக்கு ஒன்று போதும்.

நாட்டியத்துக்கு வருகிறேன். வக்கீல்கள் அபிநயத்தில் ஆசைப்பட்டு வருவார்கள். ஆனால் தொடங்க வேண்டிய இடம் கால். முப்பது வயதைத் தாண்டி வருபவர்களுக்கு முதல் மூன்று மாதம் அரைமண்டி, அதாவது முட்டிகளைப் பக்கவாட்டில் திறந்து பாதி உட்காரும் நிலைதான் பாடம், அதில் அவசரப்படுபவர்களுக்கு முட்டி போகும்.

கோர்ட் உடம்பு ஒரு தனி உடம்பு. மேஜைமேல் ஒரு கையை ஊன்றி, ஒரே காலில் பாரம் போட்டு நிற்கும். கட்டைப் படித்துப் படித்துக் கழுத்து முன்னால் நீண்டிருக்கும். ஆகவே முதல் இரண்டு வாரம் சமபாதத்தில் நிற்பதே பயிற்சி: இரண்டு பாதமும் சேர்ந்து, பாரம் இரண்டிலும் சமமாக, மூன்று நிமிஷம். பிறகு அரைமண்டி. பெரியவர்கள் செய்யும் பொதுத்தவறு, பாதங்களை முழுக்கப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு முட்டியைப் பின்னால் இழுக்கப் பார்ப்பது. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பாதமும் திரும்பலாம். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேர்மேலே இருக்கிறதா என்று குனியாமல் கண்ணாடியில் பாருங்கள். முட்டி உள்ளே விழுந்தால் பாதத்தைக் கொஞ்சம் முன்னால் திருப்பி, திறப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அழகு குறையும், முட்டி பிழைக்கும். இரண்டாவது தவறு, உட்கார முடியாததால் இடுப்பைப் பின்னால் தள்ளி முதுகை வளைப்பது. சுவரில் முதுகு, பின்தலை, குதிகால் மூன்றும் பட நின்று, முதுகு சுவரை விட்டு விலகாமல் எவ்வளவு இறங்க முடிகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் அரைமண்டி. 30 விநாடி இருந்து எழுவது, ஆறு தடவை. வாரத்தில் நான்கு நாள். ஒரு மாதம் கழித்து ஒரு நிமிஷம்.

தட்டும்போது குதிகால் பின்தொடைப் பக்கம் உயர்ந்து, உள்ளங்கால் முழுதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். ஓசை கூர்மையாக இருக்க வேண்டும், கனமாக இருக்கக்கூடாது. இந்தக்கால வீட்டுத் தரை டைல்ஸ், அடியில் காங்கிரீட். அதில் தினமும் தட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கும், காலையில் எழுந்ததும் குதிகால் குத்தும். நான்கடிக்கு நான்கடி பிளைவுட் பலகை, 18 மில்லிமீட்டர் கனத்தில், அடியில் ரப்பர் பாய் போட்டுக்கொண்டால் தட்டடவுக்கு, அதாவது நின்ற இடத்திலேயே காலைத் தட்டும் அடிப்படை அசைவுக்குப் போதும். நாட்டடவு வரும்போது கால் நீட்ட இடம் வேண்டும். எட்டடிப் பலகையை வெட்டாமலே வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் தரையில் ஓதம் பூக்கும். துணியால் துடைக்காமல் ஆடக்கூடாது.

காலுக்கு நேரம் ஆகும், வாய்க்கு ஆகாது. சொற்கட்டை, அதாவது அடவுக்கான தாளச் சொற்களைச் சொல்லித் தாளம் போடுவதில் வக்கீல்கள் சீக்கிரம் தேறுவார்கள், மூச்சுப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கடலூர் புதுச்சேரி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தொடையில் ஆதி தாளம் போட்டபடி ‘தையும் தத்த தையும் தா’வை மூன்று காலத்திலும் வாய்க்குள் சொல்லலாம். எண்ணிக்கை எட்டில் நிற்க, சொல் மட்டும் இரட்டித்து, நான்காகப் பெருக வேண்டும். இரண்டாம் காலத்தில் தாளக்கையும் சேர்ந்து ஓடினால் முதலிலிருந்து. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஐந்து ஜாதிகளில் கண்டம்தான் கோர்ட் ஆட்களுக்குத் தடுக்கும். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன்.

வாரம் இரண்டு வகுப்பு, வீட்டில் நான்கு நாள் 40 நிமிஷம் என்று போனால் அடவுகள் முடிய ஒன்றரை இரண்டு வருடம். பிறகு கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பு. இதற்குள் சலங்கை வேண்டாம், ஓசை தவறுகளை மூடிவிடும். நாற்பது வயதில் அரங்கேற்றத்தை இலக்காக வைத்து வர்ணத்தைக் குத்தகைக்கு எடுத்ததுபோல முடிக்கப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. அரை மணிக்கு மேல் போகும் உருப்படி அது. அபிநயத்துக்கென்றே இருக்கும் மெதுவான பாட்டான ஒரு பதத்தை ஒழுங்காகச் செய்வது பெரிய காரியம். ஆசிரியரைத் தேடும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா? ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தினால் அவர்கள் வேகத்துக்கு உங்கள் இடுப்பு திறக்காது. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலையின் இசைத்துறை இருக்கிறது. என்றாலும் வீட்டிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் இருக்கும் நல்ல ஆசிரியரே மேல். தூரம் அதிகமானால் மழைக்காலத்தில் வகுப்பு நின்றுவிடும்.

சிதம்பரம் போகும்போது கோபுர வாயிலின் உட்சுவரில் இருக்கும் கரணச் சிற்பங்களைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். 108 கரணங்கள், நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களோடு. செல்போனில் படம்பிடித்துவந்து அந்த நிலையைப் போல நின்றுபார்க்க ஆசை வரும். கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து செய்யும் ஒரு அசைவு, சிற்பி அதில் ஒரு கணத்தை மட்டும் பிடித்திருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் இருந்தது கல்லில் ஏறவில்லை. பார்க்கும்போது இப்படிப் பாருங்கள்: பாரம் எந்தக் காலில் இருக்கிறது, அடுத்த நொடி எந்தக் கால் எழும்? வாக்குமூலத்துக்கு மேலே கேள்வி எழுதிய அதே பயிற்சிதான்.

ஏறாமல் போனவை பற்றிப் பேசும்போது 1947-ஆம் ஆண்டு மதராஸ் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைத் தாண்டிப் போக முடியாது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்திய சட்டம் அது, நிறுத்தியாக வேண்டியதுதான். அதே காலத்தில் இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பெண்களின் கையிலிருந்து அது நழுவியது. இன்று நாம் கற்கும் அடவும் பதமும் அவர்கள் வீட்டுச் சொத்து. சட்டம் படித்தவர் சலங்கையைக் கையில் எடுக்கும்முன் அந்தச் சட்டத்தையும், அதைப் பற்றி அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் சொல்லியிருப்பதையும் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அபிநயத்துக்கு வந்ததும் கோர்ட் மறுபடி உதவும். நாட்டிய இலக்கண நூலான அபிநய தர்ப்பணம் பார்வை எட்டு வகை என்கிறது. தன் வக்கீலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் சாட்சியின் பார்வை சாசி. காலடியைப் பார்ப்பது அவலோகிதம். ஆவணத்தைக் காட்டியதும் மேலும் கீழுமாக ஓடும் கண் அனுவிருத்தம். உள்ளுணர்ச்சி தானாக உடம்பில் வெளிப்படும் சாத்விக பாவங்கள் எட்டு: உறைந்துபோதல், வியர்த்தல், மயிர்க்கூச்சு, குரல் மாறுதல், நடுக்கம், முகம் வெளிறல், கண்ணீர், மயக்கம். ஆணை 18 விதி 12-இன்படி நீதிபதி எழுதக்கூடிய குறிப்பில் பல இந்த எட்டுக்குள் வரும். ஒரு மாதம், நாளுக்கு ஒரு சாட்சி, இந்த எட்டில் எது வந்தது, எந்தக் கேள்விக்கு வந்தது என்று மனதுக்குள் குறித்துவாருங்கள். பெயரோ வழக்கு எண்ணோ எழுத வேண்டாம். ‘குரல் மாறியது, மகன் வயதைக் கேட்டபோது’ என்ற அளவு போதும்.

ஆடும்போது வக்கீலுக்கு வரும் பழுது, வார்த்தைக்கு வார்த்தை கைமுத்திரை பிடித்து விளக்குவது. நீதிபதிக்குப் புரியவைக்கும் பழக்கம். ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்ற ஒரு வரியை எடுத்து ஐந்து சஞ்சாரி, அதாவது அந்த வரியையே விரித்துக் காட்டும் ஐந்து கற்பனை செய்யுங்கள்: கதவைப் பார்ப்பது, பூவைத் தொட்டு வாடியதை அறிவது, தோழியிடம் கோபிப்பது, விளக்குத் திரியை ஏற்றுவது, வந்துவிட்டான் என்று எழுந்து ஏமாறுவது. இதே ஐந்தையும் மறுநாள் உரைநடையில் எழுதுங்கள். எழுத வராத சஞ்சாரி எதுவோ அதை ஆட்டத்திலும் நீங்கள் பொய்யாகத்தான் செய்திருப்பீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கற்பதில் இருக்கும் லாபம் இதுவே.

நேரம்: காலை ஐந்தரைக்குப் பயிற்சி, வெயில் ஏறுமுன். ராத்திரி, மறுநாள் கட்டைப் பார்த்து முடித்த பிறகு 300 சொல். கட்டு பார்க்காமல் எழுத உட்கார்ந்தால் மனம் கோர்ட்டிலேயே நிற்கும். கதை நோட்டு வேறு, கேஸ் டைரி வேறு. கட்டின் பின்பக்கத்தில் கதைக் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அந்தத் தாள் நகலெடுக்கப் போய், எதிர்த்தரப்பு கைக்குப் போக ஒரு நிமிஷம் போதும். மே மாதம் சிவில் கோர்ட் விடுமுறை. நாளுக்கு 500 சொல் வீதம் 30 நாளில் 15,000 சொல், ஒரு குறுநாவலின் முதல் வரைவு. கிரிமினல் பார்ப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்களுக்குச் சிறுகதைதான் தோது.

பார் கவுன்சில் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே கவுன்சில். விதி 51 ஒலிபரப்பு, பத்திரிகைப் பணி, விரிவுரை, சட்டம் சாராத பாடம் கற்பித்தல் ஆகியவற்றை அனுமதிக்கிறது, முழுநேரச் சம்பள வேலையாகவோ விளம்பரமாகவோ ஆகாதவரை. கதைக்கு வரும் சன்மானத்தாலோ கச்சேரிக்கு வரும் தொகையாலோ சிக்கல் வராது. ஆனால் நாட்டியப் பள்ளியை வியாபாரமாக நீங்களே நடத்தினால் விதி 47 குறுக்கே நிற்கும். புத்தகத்தின் பின்னட்டையில் வழக்கறிஞர், கடலூர் என்று போடலாம். ஆபீஸ் முகவரியையும் எந்த வகை வழக்கு பார்ப்பீர்கள் என்பதையும் போட்டால் விதி 36 சொல்லும் விளம்பரத்தை நெருங்கிவிடுவீர்கள். கவுனும் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் அணிந்து பின்னட்டைப் படம் எடுக்காதீர்கள், வெளியீட்டு மேடையிலும் வேண்டாம். கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணிய விதி இடம் தருவதில்லை.

கடைசியாக ஒன்று. பங்குனியிலிருந்து ஆடிவரை நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். துகில் உரியும் ராத்திரிக்குப் போங்கள். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று அவள் சபையைக் கேட்கும் கேள்வி, சொத்தில் பாத்தியம் இல்லாதவன் எழுதிய பத்திரம் செல்லுமா என்ற நம் கேள்விதான். அந்த இடம் வர நள்ளிரவு தாண்டும். மேடைக்கு நேரே உட்காராமல் முகவீணை ஊதுபவர் பக்கமாக உட்காருங்கள். திரௌபதி வேடக்காரர் கேள்வியைப் பாடி முடித்து, சபையிலிருந்து பதில் வராமல் நிற்கும் அந்த இரண்டு மூன்று தாளச் சுற்றில் அவர் கை எங்கே இருக்கிறது, பாரம் எந்தக் காலில் இருக்கிறது, தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நோட்டை எடுக்க வேண்டாம். மறுநாள் காலை, கோர்ட்டுக்குக் கிளம்பும் முன், நினைவில் நின்றதை மட்டும் எழுதுங்கள்.